கையெட்டும் தூரத்துக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில் வீடுகளில் முதலில் மேலேறுவது நட்சத்திரம். மூங்கில் பிளாச்சில் வர்ணத்தாள் ஒட்டிச் செய்ததோ கடையில் வாங்கியதோ, வாசலிலும் மொட்டைமாடியிலும் தொங்க ஆரம்பித்துவிடும். அடுத்தது புல்கூடு, அதாவது கிறிஸ்து பிறப்புக் குடில். அதற்குப் பின் சவுக்குக் கிளை, சீரியல் பல்பு, தோரணம். இவையெல்லாம் தெருவுக்காகச் செய்பவை. போகிறவர்களும் வருகிறவர்களும் தள்ளி நின்று பார்த்து மகிழ வேண்டியவை. அந்தத் தூரத்துக்கு நிறமும் வெளிச்சமும் போதும். நுணுக்கம் இருந்தாலும் கண்ணுக்கு வந்து சேராது.

சாப்பாட்டு அறையின் கணக்கு வேறு. அங்கே நாம் உட்கார்ந்துவிடுகிறோம். அதிகாலை ஆராதனை முடிந்து வந்து, ஆப்பமும் கறியும் கேக்கும் காப்பியுமாகப் பேச்சு நீண்டுகொண்டே போகும் அந்தக் காலைப் பொழுதில், அதே மேசை, அதே விளிம்பு, அதே தட்டு நம் முன்னால் இருக்கிறது. கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு முழம்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தானாகப் போய் மேசைத்துணியின் ஓரத்தை நெருடும். கையால் செய்த பொருளும் காலத்தால் பழுத்த பொருளும் இருக்க வேண்டிய இடம் வீட்டில் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கூடத்தில் வைத்தால் அவை காட்சிப் பொருள். சாப்பாட்டு மேசையில் வைத்தால்தான் அவற்றோடு பழக முடியும்.

இந்த எண்ணம் எனக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. அவரது சாப்பாட்டு அறை பெரிதல்ல. நடுவே பழைய பலாமர மேசை, சுவரோரம் கண்ணாடி அலமாரி, ஒரு ஜன்னல். கிறிஸ்துமஸுக்கு அவர் அங்கே சேர்ப்பவை மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றையும் குனிந்து பார்க்கலாம்.

முதலில் மேசை விரிப்பு. நல்ல வெள்ளைப் பருத்தித் துணி. நான்கு பக்கமும் நாலு விரற்கடை அகலத்தில் கை ரேந்தை, அதாவது கையால் பின்னிய லேஸ். நாகர்கோவிலுக்கு இந்த ரேந்தை புதிதல்ல. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ல் இங்கே வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் மார்த்தா 1820-களின் தொடக்கத்திலேயே ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். கற்றவர்கள் பெரும்பாலும் ஏழை எளிய வீட்டுப் பெண்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படியே நடந்தது. இந்த நூல் வேலையில் ஈட்டிய காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்தக் கைவேலையையும் கொண்டுபோனார். தேரிக்காட்டுச் செம்மண் ஊரில் வெள்ளை வெளேரென்று ரேந்தை பின்னுவதை நினைத்துப் பாருங்கள். நூலில் அழுக்குப் படாமல் வேலை செய்வதே அங்கே பாதிக் கலையாக இருந்திருக்கும்.

பின்னும் முறை பார்க்க அலாதியானது. வைக்கோலோ மரத்தூளோ அடைத்த உருண்டைத் திண்டு ஒன்று. அதன்மேல் வடிவம் குத்திய அட்டை. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இணை இணையாகத் தொங்கும். அகலமான ரேந்தைக்கு அவை பல டஜன் ஆகிவிடும். ஆனால் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை நான்கே. செய்கையும் இரண்டேதான். ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே போடுவது ஒன்று, இணையைத் தனக்குள் முறுக்குவது இன்னொன்று. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே நெய்தது போன்ற அடர்த்தியும் வருகிறது, வலை போன்ற திறப்பும் வருகிறது. பின்னல் கலையாமல் அட்டைத் துளை ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்தி நிறுத்துவார்கள். பின்னல் இறுகியதும் பின்னாலிருந்து ஊசிகளை எடுத்து முன்னால் குத்துவார்கள். குரோஷா வேலை வேறு. அதில் ஒரே கொக்கி, ஒரே நூல், கண்ணி கண்ணியாக வளரும். அதற்கும் தனி அழகு உண்டு. ஆனால் திண்டு ரேந்தையில் முடிச்சே கிடையாது. எல்லா நூலும் ஒன்றையொன்று தழுவிப் போவதனால் மட்டுமே நிற்கிறது. தொட்டால் தட்டையாக, வழுவழுப்பாக இருப்பது அதனால்தான்.

பெரியம்மா ஒருமுறை விரிப்பின் மூலையைத் தூக்கி என் கையில் வைத்தார். “மக்ளே, நெட்டுக்குப் போறத யாரும் பின்னுவா. மூலைய பாரு, மூலைல தெரியும் அவ கை.”

பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. நேர் ஓட்டத்தில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும், கை பழகிவிடும். மூலைக்கு வந்ததும் பாதை செங்கோணமாகத் திரும்ப வேண்டும். சோம்பலான வேலை என்றால் நேர்ப்பட்டையையே சுருக்கி மடித்துத் தைத்துவிடுவார்கள். மூலை உப்பிக்கொண்டு நிற்கும். இந்த விரிப்பில் அப்படி இல்லை. மூலைவிட்டத்தின் மேல் ஒரு பூ தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இதழ்களில் பாதி இந்தப் பக்கம் பார்க்கின்றன, பாதி அந்தப் பக்கம். வெளிவிளிம்பில் நடந்து வந்த இணைகள் நீண்ட சுற்று சுற்ற, உள்விளிம்பில் வந்தவை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காத்திருந்து திரும்புகின்றன. இந்தக் காத்திருப்பைப் பின்னியவள் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டிருக்கிறாள். வடிவம் வரைந்தவர் மூலைக்கென்று தனி அட்டை தந்திருக்கலாம். அதை இழுவிசை மாறாமல் திருப்பிக்கொண்டு வந்தது அவள் கை. மூலை தாண்டிச் சற்று தூரத்தில் ஒரு நூல் இரட்டையாக ஓடுகிறது. பழைய நூல் தீரப்போகும்போது புது நூலை அதன் பக்கத்திலேயே படுக்க வைத்துச் சில வரிசை சேர்த்துப் பின்னி, பிறகு பழையதை வெட்டியிருக்கிறாள். நகத்தால் தடவினால்தான் அந்தத் தடிப்பு தெரியும். எந்திர ரேந்தையில் பிசகு இருந்தால் அதே பிசகு ஒவ்வொரு பூவிலும் அச்சடித்தாற்போல் வரும். இங்கே ஒரு பூவின் வயிறு சற்று நிறைந்திருக்கிறது, அடுத்ததில் சற்று ஒட்டியிருக்கிறது.

விரிப்பைப் போடும் விதத்திலும் பெரியம்மாவுக்குத் தெளிவு உண்டு. துணிப்பகுதி மேசையின் மேல் அடங்கிவிடும். ரேந்தை முழுக்க விளிம்புக்குக் கீழே தொங்கும். உட்கார்ந்தவரின் மடிக்கு நேரே அது வருகிறது. மேசையின் மேல் ரேந்தையைப் பரப்பினால் தட்டுக்கும் குழம்புக்கும் அடியில் மறைந்துபோகும். தொங்கினால் பின்னால் பலாமரத்தின் பழுத்த நிறம் தெரிந்து, துளை ஒவ்வொன்றும் கண்ணில் நிற்கிறது. முதலில் அதைக் கண்டுபிடிப்பவர்கள் குழந்தைகள். அவர்கள் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

தட்டுகள் நீல வில்லோ. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த சித்திரம். சீனத்துப் பாலம், கிளை தொங்கும் வில்லோ மரம், மேலே பறக்கும் இரண்டு பறவை என்று எல்லோருக்கும் பழகிய படம்தான். நான் பார்க்கச் சொல்வது நடுப்படத்தை அல்ல, ஓரப் பட்டையை. செப்புத் தகட்டில் செதுக்கி, நீல மை தடவி, மெல்லிய தாளில் ஒற்றி, அந்தத் தாளைச் சுட்ட மண்தட்டின் மேல் கையால் ஒட்டித் தேய்ப்பார்கள். பிறகு தாளை நனைத்து எடுத்துவிட்டு மெருகுபூசிச் சுடுவார்கள். வட்டமான ஓரத்தைச் சுற்றி நீளத் தாளை ஒட்டும்போது அதன் தலையும் வாலும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். பழைய தட்டு ஒவ்வொன்றிலும் அந்த இடத்தைத் தேடலாம். கோலம் போன்ற வரி திடீரென்று பாதியில் அறுந்து, அடுத்த துண்டு வேறு இடத்திலிருந்து தொடங்கும். சிலதில் தாள் சற்று மடிந்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். யாரோ ஒருவர் அவசரமாகக் கத்தரியால் வெட்டி, விரலால் அழுத்திய இடம் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கறி வருவதற்குள் அவரவர் தட்டில் அந்த ஒட்டைக் கண்டுபிடித்துக் காட்டிவிடுவார்கள். தட்டுகள் எல்லாம் ஒரே செட் இல்லை. நீலம் ஒன்றில் கறுத்தும் ஒன்றில் வெளுத்தும் இருக்கும். அப்படிக் கலந்து கிடப்பதே எனக்குப் பிடிக்கிறது. புதிதாக முழு செட் வாங்கி அடுக்கினால் மேசை கடை அலமாரியாகிவிடும்.

பலகாரமும் இங்கே அலங்காரத்தில் சேர்த்திதான். முந்திரிக்கொத்து இல்லாமல் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் இல்லை. வறுத்த சிறுபயறு மாவும் வெல்லப்பாகும் எள்ளும் தேங்காயும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை, மஞ்சள் கலந்த பச்சரிசி மாவில் மூன்று மூன்றாக முக்கிப் போட்டுப் பொரித்தது. அந்தச் சொரசொரப்பான மஞ்சள் தோல் நீலத் தட்டில் விழும்போது இரண்டு நிறமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. பக்கத்திலே அச்சு முறுக்கு. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த மாவு அச்சின் இரும்பு வரிகளில் மட்டும் பிடித்துக்கொண்டு வெந்து, நடுவெல்லாம் வெறும் வெளியாக நிற்கிறது. விரிப்பின் ஓரத்தில் நூல் செய்த வேலையை இங்கே மாவு செய்திருக்கிறது. அடுக்கும்போது பெரியம்மா அவற்றை ஒன்றன்மேல் ஒன்று குவிப்பதில்லை. விளிம்போடு விளிம்பு தொட்டும் தொடாமலும் ஒற்றை வரிசையாக வைப்பார். குவித்தால் பூ தெரியாது, நொறுங்கவும் செய்யும்.

மேசை நடுவே வெண்கல உருளி. பிரதமன் வைக்கும் பாத்திரம். அன்றைக்கு மட்டும் அதில் கண்ணாடி உருண்டைகள். இந்த உருண்டைகளின் பிறந்த வீடு ஜெர்மனியில் துரிங்கியா மலைகளுக்குள் இருக்கும் லௌஷா. 1597-ல் கண்ணாடி உலை வைத்து உருவான ஊர். அங்கே ஒரு கண்ணாடித் தொழிலாளியின் 1848-ம் ஆண்டு ஆர்டர் புத்தகத்தில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகள் பதிவாகியிருக்கின்றன. வீட்டிலேயே விளக்குச் சுடரில் குழாயைக் காய்ச்சி வாயால் ஊதிச் செய்தார்கள். 1867-ல் ஊருக்கு எரிவாயு ஆலை வந்த பிறகு சுடரைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அதன் பின்தான் பெரிய உருண்டைகளும் எடையே தெரியாத மெல்லிய உருண்டைகளும் சாத்தியமாயின. பளபளப்பு வெளியிலிருந்து வருவதல்ல. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சர்க்கரைக் கரைசலோடு உள்ளே ஊற்றி, வெந்நீரில் வைத்துக் குலுக்கினால் உட்சுவரில் வெள்ளி படியும். பிறகுதான் வெளியே நிறச்சாயம்.

பழைய உருண்டை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி அங்கங்கே கறுத்து, மேகம் படர்ந்திருக்கும். சாயம் உதிர்ந்த இடத்தில் வெறும் வெள்ளி எட்டிப் பார்க்கும். கழுத்தில் தகர மூடி துருவேறியிருக்கும். இன்றைய பிளாஸ்டிக் உருண்டையில் கண்ணாடிபோல் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒளி மேலோடு நின்றுவிடுகிறது. இதில் வெளிச்சம் முதலில் சாயத்துக்குள் போய், கண்ணாடியைத் தாண்டி, வெள்ளியில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால் சிவப்புக்கு ஓர் ஆழம் வந்துவிடுகிறது. சவுக்குக் கிளையில் மாட்டியிருந்தால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது, விழுந்து உடையவும் செய்யும். உருளிக்குள் கிடக்கும்போது ஒவ்வொரு உருண்டையிலும் மேசை முழுவதும் அடங்கிவிடுகிறது. ஜன்னல், சிம்னி விளக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் சித்தப்பா எல்லாம் குட்டியாக வளைந்து தெரியும். வெண்கலத்தின் மங்கிய பொன்னிறம் அடியிலிருந்து ஒரு சூட்டைக் கொடுக்கிறது. வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் எல்லாமே பளீரென்று ஆகி, எதுவும் நிற்காது.

வெளிச்சம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயரமான மெழுகுவர்த்திகளை நடுவே வரிசையாக நிறுத்துவது படத்தில் அழகாகத்தான் இருக்கும். உட்கார்ந்தவருக்கு எதிரே இருப்பவர் முகம் சுடருக்குப் பின்னால் போய்விடும். பெரியம்மா வீட்டில் இரண்டு பழைய சிம்னி விளக்கு, கட்டையானவை, உருளிக்கு இருபுறமும். கண்ணாடி மூடி இருப்பதால் ரேந்தைக்கும் ஆபத்தில்லை. சுடர் தாழ இருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் வழிந்து, தட்டின் விளிம்பு, முறுக்கின் வரி, துணியின் இழை எல்லாவற்றுக்கும் மெல்லிய நிழல் போடுகிறது. ஆராதனை முடிந்து வரும்போது இன்னும் முழுக்க விடிந்திருக்காது. மின்விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரமாவது இந்த ஒளியில் உட்கார வேண்டும். கையால் செய்த பொருளை இப்படிப்பட்ட ஒளியில்தான் பார்க்க வேண்டும். அதில் வைத்துப் பார்த்தால்தான் அதன் மேடுபள்ளம் பிடிபடும்.

சுவருக்குத் தோவாளை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கும் பூ ஊர். அங்கே கட்டும் மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலோடு நெடுங்காலத் தொடர்புள்ள மாலை அது. செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்து நாரில் கோத்துத் தட்டையாகக் கட்டுவார்கள். பூவின் முகம் எங்கும் தெரியாது. மடிந்த இதழின் முதுகுகள்தான் கட்டம் கட்டமாகக் கல் பதித்தாற்போல் வரும். சிவப்பு, வெள்ளை, பச்சை. கிறிஸ்துமஸுக்கு வேறென்ன நிறம் வேண்டும்? ஆனால் இதை மேசைமேல் வைக்கக் கூடாது. நான் ஆசைப்பட்டு வாங்கி வந்தபோது பெரியம்மா கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

“அரளி வெசம்லா மக்ளே. சோறு வெக்குற எடத்துல ஆகாது. அந்த நெலக்கண்ணாடில சுத்திப் போடு.”

அலமாரிக்குப் பக்கத்திலிருக்கும் பழைய ஆளுயரக் கண்ணாடியின் சட்டத்தில் அது தொங்கியது. அந்த இடம்தான் அதற்குப் பொருத்தம். தட்டையான மாலைக்குத் தட்டையான சுவர். கண்ணாடியின் ரசம் விளிம்பில் உதிர்ந்திருந்ததையும் அது மறைத்தது. மேசைக்குப் பிச்சிப்பூவே போதும், ஒரு சின்ன கிண்ணத்தில், தண்ணீரில். அதுவும் நிறைய வேண்டாம். மணம் கறியின் மணத்தோடு மோதக் கூடாது.

பலூன், ஜரிகைத் தோரணம், பிளாஸ்டிக் ஹாலி இலை பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கூடத்தில் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு அவை இருக்கட்டும். ஒரு முழத் தொலைவில் வைத்துப் பார்க்க அவற்றில் ஒன்றுமில்லை.

கடைசியாகப் பனையோலை. இது ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்ய வேண்டியது. தூத்துக்குடிக் கடற்கரையில் மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் பெட்டியும் தட்டும் பின்னுவதில் பேர்போனவர்கள். வாங்கவும் செய்யலாம். ஆனால் சிறு வேலைகளை வீட்டிலேயே செய்துவிட முடியும். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, நிழலில் வாடவிட வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். பச்சையாக மடித்தால் காய்ந்ததும் தளர்ந்துவிடும். பாதி வாடிய பதத்தில் மடித்தால்தான் மடிப்பு நிற்கும். அந்தப் பதத்தில் ஓலைக்குத் தந்தத்தின் நிறம். நாளாக நாளாகப் பொன்னிறமாகும். நட்சத்திரம் மடிப்பது எளிது. நான்கு கீற்று போதும். ஆனால் எனக்குப் பிடித்தது கிலுகிலுப்பை. தொட்டில் பிள்ளைக்கு ஓலையில் செய்து உள்ளே நாலு குன்றிமணியோ கல்லோ போட்டுக் கொடுப்போமே, அதுதான். பிறந்த பிள்ளையைக் கொண்டாடும் மேசையில் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கிலுகிலுப்பை வைப்பதைவிடப் பொருத்தமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா குன்றிமணி போடமாட்டார். அதுவும் விஷம். சிறுபயறுதான். ஓலைப் பிடியில் யார் பெயரென்று பேனாவால் எழுதிவிட்டால் எந்த நாற்காலி யாருக்கு என்பதும் தீர்ந்தது.

பண்டிகை முடிந்து எடுத்து வைப்பதிலும் அதே கவனம் வேண்டும். ரேந்தை விரிப்பை மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த கோட்டில்தான் நூல் முதலில் அறும். கைச்சூடு பொறுக்கும் நீரில் சோப்பு கரைத்து அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் பரப்பி உலர்த்தி, பழைய மல்வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வைக்க வேண்டும். கஞ்சி போட்டபடியே வைத்தால் பூச்சி வரும். கண்ணாடி உருண்டைகளைப் பெரியம்மா தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி முட்டை அட்டையில் அடுக்குகிறார். ஈரம் பட்டால் வெள்ளி இன்னும் கறுக்கும் என்பதால் அந்த அட்டை அடுப்படிப் பக்கம் போகாது. வில்லோ தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு துணித் துண்டு. கிலுகிலுப்பைகளை மட்டும் அவர் திருப்பிக் கேட்பதே இல்லை. மதியத்துக்குள் அவை தெருப் பிள்ளைகள் கைக்குப் போய், பாதி பிரிந்து, பயறு சிதறி, அடுத்த வருடத்துக்கு ஓலை வெட்டச் சொல்லி யாரிடமாவது இப்போதே சொல்லிவைக்க வேண்டியதாகிவிடும்.